மாமாவின் இடது கை எங்கே?

இன்று மாமா தன் பழைய ஆல்பத்தோடு வீட்டுக்கு வந்தார். எண்பதுகளில் பாலக்கோட்டில் நடந்த பள்ளி மாணவர் சைக்கிள் பந்தயத்தில் அவர் முதலிடம், அப்பா இரண்டாமிடம்.

ஒவ்வொரு விசேஷத்திலும் சொல்வதை இன்றும் சொன்னார்: "உங்கப்பன் பாத்ததெல்லாம் என் பின்சக்கரந்தான் பாப்பா!"

அப்பா வழக்கம்போல் தலைகுனிந்துகொண்டார்.

நான் அந்தப் பந்தயத்தில் எடுத்த ஒரு படத்தைக் கண்ணருகே கொண்டுபோனேன். சைக்கிளில் மாமா கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். இடது கை மட்டும், ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டரின் பின்பலகையைப் பிடித்திருக்கிறது.

"மாமா, இது என்னங்க?"

"அது... மேட்டுல சும்மா கை வெச்சேன் கண்ணு."

படத்தைப் பெரிதாக்கி இந்தப் பதிவோடு போட்டுவிட்டேன்.

"பாவம், அழிச்சுடு" என்கிறார் அப்பா.

முதலில் மாமா வந்து லைக் போடட்டும், அழிக்கிறேன். அதுவரை சொல்லுங்கள், உங்களுக்கும் அந்தக் கை தெரிகிறதுதானே?