என்னிடம் சொல்லாமல் அவளிடம் சொன்னாள்

என் தங்கையும் நானும் ஒரத்தநாட்டில் அடுத்தடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டவர்கள். ஆனால் அவள் எந்நேரமும் செல்போனில் பேசியது, தையல் வாட்ஸ்அப் குழுவில் பழகிய, முகம்கூடப் பார்க்காத ஒரு பெண்ணிடம். கூடப்பிறந்தவள் நான் இருக்க, அவள் யார் என்று எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பெண்ணே எனக்குப் போன் செய்தாள்.

“அக்கா, உங்க தங்கச்சி வாழவே பிடிக்கலன்னு மெசேஜ் போட்டாங்க. சாகணும்னு தோணுதான்னு நேராவே கேட்டேன், ஆமான்னாங்க. அவங்கதான் உங்க நம்பர் கொடுத்தாங்க. உடனே போங்க, அதுவரைக்கும் நான் அவங்ககூடப் பேசிட்டிருக்கேன்.”

ஓடினேன். தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதபோதும் ஆத்திரம் அடங்கவில்லை.

“என்கிட்ட ஏன்டி சொல்லல?”

“சொன்னேனேக்கா. வேளாங்கண்ணிக்கு நடந்து வர்றேன்னு மாதாகிட்ட வேண்டிக்க, எல்லாம் சரியாயிடும்னு சொல்லிட்ட. அவங்கதான் என்ன ஆச்சுன்னு கேட்டாங்க.”

அன்றே தஞ்சாவூரில் டாக்டரிடம் அழைத்துப்போனேன். இப்போது தேறிவருகிறாள். யார் மனம் நொந்து பேசினாலும், வேண்டுதலைச் சொல்லி நான் வாயை அடைப்பதில்லை. என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தப் பெண்மேல் பொறாமை மட்டும் இன்னும் போகவில்லை. ஆனால் போன வாரம் மனசு சரியில்லாதபோது, தங்கை முதலில் கூப்பிட்டது என்னைத்தான்.

– ஒரு வாசகி, ஒரத்தநாடு