ஒரே ஊசியில் இரண்டு தாள்

தரையில் குண்டூசி கிடந்தால் அவளால் தாண்டிப் போக முடியாது. குனிந்து எடுத்து, சீருடைப் பையிலிருக்கும் தீப்பெட்டியில் போட்ட பிறகுதான் அடுத்த அடி. கல்லூரி அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக எடுபிடி வேலை; அறிவிப்புப் பலகையில் தாள் குத்துவதும் அவள்தான். மாணவர்களுக்கு அவள் குண்டூசி அக்கா.

தலைமை எழுத்தரிடம் புதுப் பெட்டி கேட்டால், "என்னம்மா, ஊசியத் திங்கிறியா?" என்பார். அந்தப் பேச்சுக்குக் கூசியே அவள் ஒரு வழி வைத்திருந்தாள். ஒரு தாளின் அடிப்பக்கத்தின் மேல் அடுத்த தாளின் தலையை ஏற்றி வைத்து, இரண்டுக்கும் ஒரே ஊசி.

மகள் அதே கல்லூரியில் ஆனர்ஸ் படித்தாள். மற்றவர்களைவிட ஆறு தாள் கூடுதல், ஓர் ஆய்வேடு, கடைசிப் பருவத்தில் ஓர் ஆய்வரங்கு. எல்லாம் முடித்தால்தான் பட்டத்தில் ஆனர்ஸ் என்று வரும். அது வந்தால்தான் மேற்படிப்புக்குக் கிடைத்திருந்த இடம் நிலைக்கும். முதல் வருடம் கொடுத்த நிபந்தனைத் தாளைச் சமையலறைச் சுவரில் ஒட்டி, முடித்ததை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள் மகள். அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். ஆனால் அடித்த வரிகளைத் தினமும் எண்ணுவாள். ஆய்வரங்கு ஒன்றுதான் பாக்கி.

கடைசிப் பருவம் தொடங்கிய அன்று தலைமை எழுத்தர் கூப்பிட்டார்.

"ஆய்வரங்குப் பட்டியல்ல உன் பொண்ணு பேரு இல்லியேம்மா? போன பருவத்துலயே பேர் குடுக்கணும்னு விதி மாத்தியாச்சே. போர்டுல பாக்கலியா?"

அவள் பலகைக்கு ஓடினாள். புதிய நிபந்தனைத் தாள் இருந்தது, பார்வைக்குப் பழையதைப் போலவே. அதன் கடைசி இரண்டு வரிகளின் மேல், தண்ணீர்த் தொட்டி கழுவும் அறிவிப்பு ஏறி உட்கார்ந்திருந்தது. இரண்டுக்கும் ஒரே ஊசி. பிடுங்கினாள். அடியிலிருந்த வரியை எழுத்துக்கூட்டிப் படித்தாள்: ஆய்வரங்குக்கு முந்தின பருவத்திலேயே பெயர் கொடுக்க வேண்டும். தண்ணீர்த் தாளைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டாள்.

மதியம் முதல்வர் அறையில் மகள் நின்றாள்.

"நான் தினமும் போர்டு பாக்குறேன் மேடம். அப்படி ஒரு வரியே இல்ல."

"மத்த ஆனர்ஸ் பசங்க மூணு பேரும் குடுத்திருக்காங்களே?"

"அவங்க நூலகப் பலகையில பாத்தாங்களாம்."

முதல்வர் கதவோரம் நின்றவளைப் பார்த்தார். "நோட்டீஸ் போட்டீங்களா?"

இருபத்திரண்டு வருடமாக அந்த அறையில் அவளிடம் கேட்கப்படும் ஒரே கேள்வி. பதிலும் ஒன்றுதான்.

"போட்டேன் மேடம்."

வாய் முந்திக்கொண்டது. தண்ணீர்த் தாளைப் பற்றிச் சொல்லாமலே வெளியே வந்தாள்.

வீட்டில் அடுப்பைப் பார்த்தபடியே மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"இத அங்கயே சொல்லித் தொலைச்சிருக்கலாமேம்மா."

மறுநாள் காலை அம்மா முதல் ஆளாக முதல்வர் அறையில் போய் நின்றாள். முதல்வர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"நேத்து போட்டேன்னீங்க. இன்னிக்கு மறைச்சுட்டேன்னு சொல்றீங்க. மேல இருந்த அந்தத் தாள் எங்க?"

"கசக்கிப் போட்டுட்டேன் மேடம். கூடையையும் நான்தான் கொட்டினேன்."

"பெத்த மனசு, புரியுது. ஆனா இத எப்படி நம்பச் சொல்றீங்க? போங்கம்மா."

வெளியே தலைமை எழுத்தர் தலை நிமிராமலே சொன்னார்: "மழை விட்டப்புறம் குடை விரிக்கிறியே."

ஆறு தாளும் எழுதி, ஆய்வேட்டையும் முடித்த மகளுக்குச் சாதாரணப் பட்டம்தான் கிடைத்தது. மேற்படிப்பு இடம் கைவிட்டுப் போயிற்று. இப்போது ஒரு துணிக்கடையில் விலைச்சீட்டு ஒட்டுகிறாள். அம்மா இன்றும் பலகையில் தாள் குத்துகிறாள், ஒவ்வொன்றுக்கும் நான்கு ஊசி. இருவரும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். கேட்டால் மகள் பதில் சொல்வாள். தானாக எதுவும் பேசுவதில்லை.