பயறு நிரப்பிய பை

மார்பில் தொடங்கிய புற்றுநோய் எலும்புக்கும் பரவிவிட்ட இளம் பெண்கள் நாங்கள், துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு கிளினிக்கின் பின்னறையில் மாதம் ஒருமுறை கூடுவோம். மனதைத் திறந்து கதையுங்கோ என்பா நேர்ஸ். மண்ணாங்கட்டி! சண்டைக் காலம், நாங்கள் கதைத்ததெல்லாம் வழியில் மறித்துத் தடவிப்பார்க்கிற ஆமிச் சோதனையைப் பற்றித்தான். மார்பை வெட்டியெடுத்த பக்கத்தில் பயறு நிரப்பிய துணிப்பையை வைத்துத்தான் சட்டை போடுவோம். பஞ்சுக்குப் பாரம் இல்லை, மேலே ஏறிவிடும்.

ஒருநாள் எங்களில் ஒருத்தி, மூதூரிலிருந்து லோஞ்சுப் படகில் வந்தவ, கதிரையில் இருந்து நடந்ததைச் சொன்னா. இறங்குதுறையில் தடவிப்பார்த்த ஆமிக்காரி, பயற்றுப்பையைக் குண்டென்று நினைத்துத் துவக்கை நீட்டிவிட்டாளாம். இவ எல்லாருக்கும் முன்னால் சட்டையைத் திறந்து தழும்பைக் காட்டியிருக்கிறா.

"வெட்கமாய்ப் போச்சோ?" என்று கேட்டேன்.

"வெட்கமோ? சுடாதேங்கோ எண்டு கத்தினனான். இனிச் சில மாசம்தான் எண்டு டொக்டர் சொன்னவர். அதையும் குடுக்க எனக்கு மனம் வரேல்லையடி."