புளியங்கொட்டைகளுக்காகத் தோற்ற படை

முப்பத்தெட்டு வயதில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பொம்மை வைத்து விளையாடுகிறேன் என்று வெளியில் சொன்னால் ஒரு கணக்கு வாத்தியாருக்கு மரியாதை மிஞ்சாது. அதனால் சொல்வதில்லை. பாப்பிரெட்டிப்பட்டியில் செல்போன் கடை வைத்திருக்கும் என் நண்பனுக்கு அந்த வெட்கமெல்லாம் கிடையாது. விரல் உயரச் சிப்பாய்களைக் கடை மேசையிலேயே வைத்து, வந்தவர் போனவர் பார்க்கப் பெயிண்ட் அடிப்பான். ஊரில் அவனுக்குப் பெயரே பொம்மைக்காரன்தான்.

விளையாட்டு இதுதான். பல ஆயிரம் வருடங்களுக்குப் பிந்திய காலம். நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் போர். நல்லவன் என்று எவனும் மிச்சமில்லை. ஆளுக்கொரு படை, அளக்க ஒரு டேப், உருட்டப் பகடைகள். மேசையில் முக்கியமான இடங்களை யார் பிடிக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. ரூல் புத்தகத்தில் ஒரே ஒரு படையைப் பற்றி மட்டும் அரைப் பக்கம் வேறு மாதிரி எழுதியிருக்கும். அவர்கள் ஊர் ஜனங்களை விட்டுவிட்டு முன்னேற மாட்டார்கள். திரும்பிப் போய்க் கூட்டிவருவார்கள். மற்ற படைகள் அவர்களைப் பார்த்துச் சிரிக்கும். நான் எடுத்தது அந்தப் படையை.

எங்களிடம் ஜனங்களுக்குப் பொம்மை இல்லை. எங்கள் ஊரில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் புளியங்கொட்டைக்கு வராது. ஐந்து கொட்டைகளை மேசையில் போட்டு, இவர்கள்தான் ஜனங்கள் என்று வைத்துக்கொண்டேன். காப்பாற்றினால் ஒரு பாயிண்டும் கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு ஆட்டத்திலும் என் ஆட்களில் ஒரு பிரிவு கொட்டைகளைத் தேடித் திரும்பிப் போகும்.

“உன் ஆளுங்க சண்டைக்கு வந்தாங்களா, புளி பொறுக்க வந்தாங்களா?” என்று கேட்டுக்கொண்டே நண்பன் என்னை ஜெயிப்பான்.

போன வருடம் பெங்களூரில் ஒரு ஜோடிப் போட்டி வைத்தார்கள். நண்பன் மூன்று மாதம் தூக்கம் கெட்டு இரண்டு படைகளுக்கும் புதுப் பெயிண்ட் அடித்தான். கடைக் கண்ணாடி அலமாரியில் மேல்தட்டைக் காலி செய்து துடைத்தும் வைத்துவிட்டான். “கப்பு வந்து இங்க நின்னுச்சுன்னா, அப்புறம் எவன் பொம்மைக்காரன்னு கூப்புடறான்னு பாக்கறேன்” என்றான். அவனுக்கு அது விளையாட்டில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

கடைசி ஆட்டம்வரை வந்துவிட்டோம். என் ஒரு பிரிவு ஆறு அங்குலம் முன்னே போய் மேசை நடுவிலிருந்த கோபுரத்தைப் பிடித்தால் கப்பு எங்களுக்கு. அதே தூரம் பின்னால், இடிந்த சுவரோரம், அழகுக்காக நாலைந்து ஊர்க்காரப் பொம்மைகளை ஒட்டியிருந்தார்கள். ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு நின்றாள். பழக்கதோஷம், என் கை அந்தப் பிரிவைத் தூக்கி அவள் முன்னால் வைத்துவிட்டது.

எதிரில் ஆடியவன் நல்ல பையன். “சார், அது சும்மா டெகரேஷன். பரவால்ல, திருப்பி வெச்சுக்கோங்க” என்றான்.

“எடுறா” என்றான் நண்பன்.

எடுத்திருக்கலாம். கை போகவில்லை. இப்படியே இருக்கட்டும் என்றேன். தோற்றோம்.

மத்தியான ரயிலில் ஓசூர் தாண்டும்வரை அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டான். “அவன்தான் திருப்பி வெக்கச் சொன்னானே. ஏன்டா வெக்கல?”

யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். அதற்கு மூன்று வருடம் முன் ஒரு காலை, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் பைக்கில் போய்க்கொண்டிருந்தேன். கடத்தூர் தாண்டி ஒரு வளைவில் பால்காரர் ஒருவர் மொபெட்டோடு விழுந்து கிடந்தார். கேன் கவிழ்ந்து பால் ரோடெல்லாம் ஓடியிருந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கை தூக்கினார். பின்னால் வருகிறவர் யாராவது நிறுத்துவார்கள் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன். சாயங்காலம் அதே வழியில் வந்தபோது காய்ந்த பால் கறை மட்டும் இருந்தது. அந்த மாதம்தான் இந்தப் படையை வாங்கினேன்.

அவன் ஜன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினான். பிறகு, “மூணு வருசமா பொம்மைங்கள திருப்பி அனுப்பிக்கிட்டிருக்க. நீ ஒரு வாட்டி போய்க் கேட்டியா?” என்றான்.

இல்லை என்றேன். சொல்லும்போது வெட்கமாக இருந்தது.

தருமபுரி ஸ்டேஷனில் நிறுத்தியிருந்த என் பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டான். அந்த வளைவு வந்ததும் தோளைத் தட்டினான். எதிரில் ஒரு டீக்கடை இருந்தது. நான் வண்டியிலேயே உட்கார்ந்திருக்க, அவன் இறங்கிப்போய் அங்கே விழுந்த பால்காரரைப் பற்றிக் கேட்டான்.

“அவருங்களா?” என்றார் டீக்கடைக்காரர். “காலு இழுத்து இழுத்துத்தான் நடப்பாருங்க. வண்டி ஓட்டறதில்ல இப்ப. காலைல ஆறு மணிக்கு இங்க பால் ஊத்த வருவாரு.”

“நாளைக்கு வர்றோங்க” என்றான் நண்பன்.

வீடு வரும்வரை அவன் கப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் வாசலில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “அஞ்சு மணிக்கெல்லாம் உன் வூட்டு முன்னாடி நிப்பேன். வண்டிய நான் ஓட்டறேன்” என்றான்.

ஏன், நானே ஓட்டுகிறேனே என்றேன்.

“வேணாம்” என்றான். “நீ நிறுத்தாம போயிடுவ.”