ஈய முத்திரைக்குச் சாமந்தி மாலை: விமான நிலையத்திலிருந்து யஷ்வந்த்பூர் வரை

அறுபத்தாறோ அறுபத்தேழோ, விஜயதசமிக்கு மறுநாள். அல்சூரில் என்னைப்போல் டாக்சி ஓட்டுகிறவன் அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. அப்பேர்ப்பட்ட நான் அன்று காலை உலக சமாதானத்தையே பின்சீட்டில் வைத்து ஓட்டினேன். ஆயுத பூஜை சமயத்தில் பெங்களூர் போகிறவர்களுக்கு இந்தப் பாதை பிரயோஜனப்படும் என்று எழுதுகிறேன்.

என் மச்சான் முனுசாமி யஷ்வந்த்பூர் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் ஸ்டோர் கீப்பர். அங்கே ஓர் இரும்புப் பெட்டியில் வெளிநாடு கொடுத்த யுரேனியக் குச்சிகள் இருந்தன. கரண்ட் எடுக்கிற ஆராய்ச்சிக்கு மட்டும்தான், குண்டுக்கு இல்லை, அவ்வப்போது ஆள் வந்து எண்ணிப் பார்ப்பார் என்பது ஒப்பந்தம். அதற்காகப் பூட்டில் மெல்லிய கம்பி சுற்றி ஈய முத்திரை வைத்திருந்தார்கள். முனுசாமி ஆயுத பூஜையன்று எல்லா மெஷினோடும் அந்தப் பெட்டிக்கும் குங்குமம் வைத்து, சாமந்தி மாலையை முத்திரைக் கம்பியிலேயே முடிந்துவிட்டான். விஜயதசமி சாயங்காலம் காய்ந்த மாலையைப் பிடித்து இழுத்தான். கம்பி அறுந்தது. மறுநாள் காலை வியன்னாவில் இருக்கிற சர்வதேச அணுசக்தி ஆபீசிலிருந்து ஆள் எண்ண வருகிறார்!

“திருடிட்டோம்னு எழுதிடுவாரு மச்சான். வேலை போச்சு, ஜெயில்தான்” என்று டாக்சி ஸ்டாண்டில் வந்து அழுதான்.

ஆராய்ச்சிக்கூடத்து ஜீப் ரிப்பேர் என்பதால் அவரை அழைத்துவரும் சவாரி என்னுடையது. “நாளைக்கு வண்டி என் கையில இருக்குடா, கண்ணைத் தொடை” என்றேன்.

விமான நிலையம், காலை 8.10. நெட்டையான வெள்ளைக்காரர். கூட டில்லி வெளியுறவு ஆபீசர், பிறந்தது கும்பகோணம். நேரே போனால் பத்து மைல், முக்கால் மணி நேரம். நான் நேரே போகவில்லை.

ஐந்தாவது மைலில் அல்சூர். லேத்துப் பட்டறை முன் நிறுத்தினேன். லேத்துக்குப் பொட்டு, சுத்தியலுக்குப் பொட்டு, தராசுக்குக்கூட மாலை. வெள்ளைக்காரர் “வாட் இஸ் திஸ்?” என்றார். “காட், சார். ஆல் மெஷின் காட்” என்றேன், எல்லா மெஷினும் சாமிதான் என்று. ஒக்கலிபுரத்தில் 9.20. பஸ் மூக்கில் எலுமிச்சம்பழம், தையல் மெஷினுக்கு வாழைக்கன்று. மனிதர் நாற்பது போட்டோ எடுத்தார். சரி, நாலு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆபீசர் கடுகடுத்தார். “ஏம்ப்பா, டாக்சி ஓட்டுறியா, தேர் இழுக்கிறியா?”

“இஞ்சின் சூடு சார், ஸ்வல்ப பொறுங்க.”

பத்து மணிக்குக் கூடம். அறுந்த கம்பியைக் கண்டதும் ஆபீசர் வெளுத்துப்போனார். முனுசாமியிடம் தமிழில், “எலி கடிச்சிடுச்சுன்னு சொல்லிடுறேன். நீ வாயைத் திறக்காதே” என்றார்.

முனுசாமி முன்னால் வந்து நின்றான். “வேணாம் சார். எலின்னா நம்ப மாட்டாரு, நாட்டையே சந்தேகப்படுவாரு. பூஜை மாலையை இழுத்து நான்தான் அறுத்தேன். என் பேரையே எழுதச் சொல்லுங்க.”

ஆபீசர் பெருமூச்சு விட்டு அப்படியே இங்கிலீஷில் சொன்னார். வெள்ளைக்காரர் குனிந்து பூட்டை விரலால் தேய்த்தார். குங்குமம் ஒட்டி விரல் சிவந்தது. என் பக்கம் திரும்பி, “காட்?” என்றார்.

“காட், சார்” என்றேன்.

ஆனாலும் விடவில்லை. மூன்று மணி நேரம் ஒவ்வொரு குச்சியாக எண்ணி, நிறுத்து, பட்டியலோடு ஒத்துப் பார்த்தார். ஒன்றும் குறையவில்லை. காரணம் பூஜை மாலை என்று எழுதி, முனுசாமியிடம் கையெழுத்து வாங்கி, புது முத்திரை வைத்தார். மச்சானுக்கு ஒரு மெமோ வந்தது, வேலை போகவில்லை.

நம்பியவர் ஏன் எண்ணினார் என்று சிலர் கோபப்படுவார்கள். நான் பெட்ரோல் பங்க் ஆளோடு சிரித்துப் பேசிக்கொண்டே மீட்டரைப் பார்க்கிறவன். எனக்குக் கோபம் வரவில்லை.

போகிறவர்கள் காலை எட்டுக்குள் கிளம்புங்கள். டாக்சிக்கு அன்று ஒன்பது ரூபாய், இன்று நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள். ரோட்டில் உடைத்த பூசணிக்காயில் டயர் வழுக்கும், மெதுவாகப் போங்கள். பட்டறைகளில் கேட்டுவிட்டுப் போட்டோ எடுங்கள், மாலையைத் தொடாதீர்கள்.

முனுசாமி ரிட்டயர் ஆகும்வரை ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அந்தப் பெட்டிக்கு மாலை உண்டு. பெட்டியிலிருந்து ஒரு முழம் தள்ளி, சுவரில் அவனே அடித்த ஆணியில்.