விரிசலுக்கு வைத்த பொட்டு

போன கோடையில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு படகு கவிழ்ந்து கிடந்தது. நீல நிறத்தில் பழைய பைபர் படகு. பழவேற்காட்டுப் பக்கம் கடலில் ஓடி ஓய்ந்ததை வாங்கி வந்து பிச்சாட்டூர் டேமில் விட்டிருந்தேன். கடலையே பார்த்த படகுக்கு நம் டேம் எம்மாத்திரம் என்று எனக்கு ஒரு நினைப்பு. டேமுக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது.

நானும் என் மனைவியும்தான் மீன் பிடிக்கப் போவோம். அவள் துடுப்பு போடுவாள், நான் வலை விடுவேன். நிலத்தில் கிணறு கைவிட்ட வருஷம் தொடங்கிய பிழைப்பு. பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர் பேசிக்கொள்வதெல்லாம் அரிசி, கரண்ட், மாத்திரை, அவ்வளவுதான். தண்ணீரின் நடுவில் போனால்தான் அவளுக்கு வாய் திறக்கும். ஊர்க்கதை பேசுவாள், என்னைக் கிண்டல் செய்வாள், தானாகவே சிரித்துக்கொள்வாள். நான் பாதி நாள் மீனுக்காகப் போனேனா அந்தச் சிரிப்புக்காகப் போனேனா என்று கேட்டால் மீனுக்கு என்றுதான் சொல்வேன். அது பொய்.

கோடையில் டேமில் தண்ணீர் இறங்கிவிடும். டேம் காய்ந்து கிடந்த காலத்தில் உள்ளே மண்டிய வேலிகாத்தான் மரங்களை யாரோ வெட்டிக்கொண்டு போய், அடிக்கட்டைகளை மட்டும் விட்டிருந்தார்கள். அப்படி ஒரு கட்டைமேல் படகு ஏறியது. சத்தம் பெரிதாக இல்லை. படகின் அடியில் ஒரு முழ நீளத்துக்கு விரிசல் விட்டு, தண்ணீர் உள்ளே வர ஆரம்பித்தது. எனக்கு நீச்சல் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவள் கையிலிருந்த துடுப்பை நான் வாங்கிக்கொண்டேன். அவள் சோறு கொண்டுவந்த தூக்குப் போசியால் தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே ஊற்றினாள். கரை வந்து சேர்ந்தோம். இறங்கி, புடவையைப் பிழிந்துவிட்டுத்தான் சொன்னாள்.

"இனிமே இதுல கால் வெக்க மாட்டேன். நீ செஞ்சிக்கோ, வித்துக்கோ, கொளுத்திக்கோ. என்ன கூப்டாத."

அவள் சொன்னால் சொன்னதுதான். பிச்சாட்டூரில் ஒரு மளிகைக் கடையில் மிளகாய்க்குத் தண்ணீர் தெளித்து எடை போட்டுவிட்டான் என்று ஒருமுறை சண்டை போட்டாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன காலத்துக் கதை அது. இன்றுவரை அந்தக் கடையின் நிழலில்கூட நடக்கமாட்டாள். படகைச் சரி செய்துவிடலாம். துடுப்பு போட வேறு ஆள் பிடிக்கலாம். இவள் ஏறாவிட்டால் அந்தத் தண்ணீரில் எனக்கு என்ன வேலை?

டிராக்டரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, பழைய டயர்கள்மேல் கவிழ்த்துப் போட்டேன். பைபர் வேலை தெரிந்தவர்களெல்லாம் கடற்கரைப் பக்கம் இருக்கிறார்கள். கூப்பிட்டால் வருகிறேன் என்பார்கள், வரமாட்டார்கள். போனில் நாலு வீடியோ பார்த்தேன், நாமே செய்யலாம் என்று துணிந்தேன். எதிர்வீட்டு அண்ணன் பல் குச்சியோடு வந்து படகைச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னாடா, கழனிக்கு இனிமே படகுலதான் போவப் போறியா?"

"மழை பெஞ்சா உன்ன ஏத்திக்க மாட்டேண்ணா," என்றேன்.

என் மனைவி சிரிக்கவில்லை. அவள் படகுப் பக்கமே வரவில்லை. காலையில் கோலம் போடும்போதுகூட, நடுவாசலில் ஏதோ நாய் படுத்திருக்கிற மாதிரி அதை விட்டு ஒதுங்கி, ஓரமாகப் போட்டுவிட்டுப் போனாள்.

சாமான் வாங்கத் திருப்பதிக்குப் போனேன். ரெசின் என்ற பசை, அதைக் கெட்டியாக்கும் ஹார்டனர், கண்ணாடி நாரில் செய்த மேட், தின்னர், பிரஷ். கடைக்காரர் பொறுமைசாலி. தெலுங்கில் எல்லாம் விளக்கினார். விரிசலைச் சுற்றி நன்றாகத் தேய்க்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும், மேட்டை வைத்துக் காற்றுக் குமிழி இல்லாமல் பிரஷ்ஷால் குத்த வேண்டும். கடைசியாக, நான் படியிறங்கிய பிறகும் கூப்பிட்டுச் சொன்னார்.

"ஜிட்டு உண்டகூடதன்னா. அஸலு உண்டகூடது."

எண்ணெய்ப் பிசுக்கு துளிகூட இருக்கக் கூடாது என்கிறார். மீன் படகில் ஏது எண்ணெய், எண்ணெயெல்லாம் மீன் குழம்பில்தான் என்று தெலுங்கிலேயே சொல்லிவிட்டு வந்தேன். என் பதிலை நானே மெச்சிக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்.

விரிசலை, இரும்பு தேய்க்கும் கிரைண்டரால் தேய்த்தேன். பைபர் தூள் உடம்பெல்லாம் ஏறி நமைச்சல் பிடுங்கியது. என் சட்டையை மனைவி மற்ற துணிகளோடு சேர்க்காமல் குச்சியால் தூக்கிப்போய்த் தனியாக அலசினாள். பிறகு ரெசினைப் பழகிப் பார்க்கலாம் என்று, குளியலறையிலிருந்த மக்கில் நிறைய ஊற்றி ஹார்டனரைக் கலந்தேன். சித்தூர் ஜில்லா வெயில் சும்மா விடுமா? பிரஷ்ஷை எடுத்து வருவதற்குள் மக்கு கொதித்துப் புகைந்து, உள்ளே இருந்தது கல்லாகிவிட்டது. அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது என் மக்கு," என்றாள். அந்த வாரத்தில் படகு விஷயமாக அவள் பேசியது அது ஒன்றுதான்.

தேய்த்த இடத்தைத் தின்னரால் நன்றாகத் துடைத்து வைத்தேன். மறுநாள் வெள்ளிக்கிழமை. கழனிப் பக்கம் போய்விட்டு வந்து பார்த்தால், விரிசல் நெடுக மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தது. ஒரு முனையில் கற்பூரம் எரிந்த கரி. அவள் உள்ளே ஒன்றும் தெரியாதவள்போல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. படகுப் பக்கம் வந்தாளே, அதுவே போதும். ஏன் வைத்தாய் என்று கேட்கவில்லை. கேட்டால் நான் வைக்கவில்லை என்று சாதிப்பாள்.

வெயில் ஏறும் முன் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம். தோளில் கிடந்த துண்டால் மஞ்சள் குங்குமத்தை ஒரே இழுப்பாகத் துடைத்தேன். ரெசினைப் பூசி, மேட்டை வைத்து, மறுபடி பூசி, அடுக்கு அடுக்காக ஒட்டினேன். காய்ந்ததும் பார்த்தால் கடையில் வாங்கியதுபோல் இருந்தது. எதிர்வீட்டு அண்ணனே வாயை மூடிக்கொண்டு பார்த்துவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து ஓரத்தைத் தேய்த்துச் சமப்படுத்தும்போது விரலால் தட்டினேன். பொக் பொக் என்றது. இன்னொரு இடத்தில் தட்டினேன், அங்கேயும் அதேதான். ஸ்க்ரூ டிரைவரை ஓரத்தில் நுழைத்து லேசாக நெம்பினேன். ஒட்டு முழுசாக, உடையாமல், கையோடு வந்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். தட்டிய சத்தம் கேட்டு அவள் வெளியே வந்தாள். என் கையிலிருந்ததை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். அடிப்பக்கம் மஞ்சளாக ஒரு படலம், அதில் சிவப்புத் தீற்றல். விரலால் தடவினாள். முகம் மாறிவிட்டது.

"எண்ண தடவன கல்லுல தோச இப்டித்தான்யா வரும்," என்றாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் பக்கத்தில் கல்லுக்கோ இரும்புக்கோ பொட்டு வைத்தால், குங்குமம் உதிராமல் நிற்க முதலில் ஒரு சொட்டு எண்ணெய் தடவிக்கொள்வார்கள். மோட்டாருக்கும் அப்படித்தான், டிராக்டருக்கும் அப்படித்தான். எங்கள் வீட்டு மாவு கிரைண்டருக்கு ஆயுத பூஜையில் நானே அப்படி வைத்திருக்கிறேன். இவள் ஒரு சொட்டோடு நிறுத்தவில்லை. விரிசல் முழுக்க, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, நல்லெண்ணெயை நீவிவிட்டு அதன்மேல் வைத்திருக்கிறாள். நான் மேதாவி, துண்டால் இழுத்துத் தேய்த்து, அந்த எண்ணெயைக் கிரைண்டர் ஓடிய இடம் எங்கும் பரப்பியிருக்கிறேன்.

எனக்குக் கோபம் சட்டென்று வரும், அது ஊருக்கே தெரியும். திருப்பதி வெயிலில் அலைந்தது, நமைச்சல், ஒரு வாரத்து வேலை எல்லாம் சேர்ந்து தொண்டைக்கு வந்தது. வாயைத் திறந்துவிட்டேன்.

"யாரு உன்ன…"

"உனக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னுதான்யா வெச்சேன்," என்றாள். "நான்தான் வர மாட்டேன்னு சொல்லிட்டேனே. ஒத்தையா போவப் போற. அடியில தண்ணி வந்தா மொண்டு ஊத்தக்கூட ஆளில்ல."

ஒட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். இத்தனை நாள் அவள் படகை வெறுத்துப் பேசாமல் இருக்கிறாள் என்று நினைத்திருந்தேன். அவளோ நான் தனியாகத் தண்ணீரில் இருப்பதை ஒவ்வொரு நாளும் நினைத்துப் பார்த்திருக்கிறாள். எனக்குக் கண் கலங்கியது. பைபர் தூள் என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"சரி உடு. மறுபடி செய்யலாம்," என்றேன்.

"செய்யலாம். நீ நவுரு."

முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். துணியைத் தின்னரில் நனைத்து ஒரே பக்கமாக இழுத்துத் துடைத்தாள். ஒருமுறை துடைத்த துணியை மறுபடி வைக்கவில்லை. நான் போதும் என்றபோதெல்லாம் விரலால் தொட்டு, "இன்னும் வழுக்கிக்கினு கீது" என்றாள். காலமெல்லாம் எண்ணெய்ப் பாத்திரம் தேய்த்த விரல். மறுபடி உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொன்னாள், தேய்த்தேன். மறுபடி துடைத்தாள். வாசலில் வெயில் வந்துவிட்டது என்று, அவளுடைய பழைய புடவையை இரண்டு கம்பத்தில் கட்டி நிழல் செய்தோம். ரெசினைக் கிண்ணம் அளவு மட்டும் கலக்கினாள். நான் மேட்டை வெட்டிக் கொடுத்தேன், அவள் வைத்துப் பிரஷ்ஷால் குத்தினாள். நான் குத்திய இடங்களையும் மறுபடி குத்தினாள்.

"ஓரத்துல காத்து கீது பாரு. இன்னா அவசரம் உனக்கு, டேம் எங்கனா ஓடிப் போவுதா?"

அந்தக் குரலைக் கேட்டுப் பல நாளாகியிருந்தது. தண்ணீரின் நடுவில் கேட்கிற குரல் அது. கீழே குனிந்து மேட்டை வெட்டிக்கொண்டே இருந்தேன். நிமிர்ந்தால் நின்றுவிடுமோ என்று பயம். வெளிப்பக்கம் காய்ந்த பிறகு, எதிர்வீட்டு அண்ணனையும் சேர்த்துப் படகைத் திருப்பிப் போட்டு, உள்பக்கமும் ஓர் அடுக்கு ஒட்டினோம். இம்முறை எங்கே தட்டினாலும் சத்தம் கட்டியாக இருந்தது. அவளும் தட்டிப் பார்த்தாள், நான் பார்க்கவில்லை என்று நினைத்த நேரத்தில். வேலை அத்தனையும் முடிந்த பிறகு மஞ்சளைத் தண்ணீரில் குழைத்து, முகப்பில் மேலே ஒரே ஒரு பொட்டு வைத்தாள். வைக்கும் முன், "இங்க வெக்கலாமா?" என்று என்னைக் கேட்டாள். என் மனைவி என்னைக் கேட்டுச் செய்த ஒரு சில காரியங்களில் அது ஒன்று.

படகை டேமுக்குக் கொண்டுபோன காலையில் அவளும் டிராக்டரில் ஏறிக்கொண்டாள். வேடிக்கை பார்க்க வருகிறேன் என்றாள். கரையில் படகை இறக்கித் தண்ணீரில் தள்ளி, ஏறி உட்கார்ந்தேன். அடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒட்டு இருந்த இடம் உலர்ந்தே கிடந்தது. அவள் கரையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளைக் கூப்பிட வேண்டும்போல் நாக்கு துடித்தது. கூப்பிடாதே என்று சொல்லியிருந்தாள், அதனால் கூப்பிடவில்லை. வலையை அவிழ்ப்பதுபோல் பாசாங்கு செய்துகொண்டிருந்தேன்.

படகு ஒருபக்கம் சாய்ந்தது. நிமிர்ந்து பார்த்தால், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறியிருந்தாள்.

"இன்னாமே, கால் வெக்க மாட்டேன்னு சொன்ன?"

"அது பழைய படகு. இது நான் செஞ்சது," என்றாள். "துடுப்ப குடு."

வழக்கமாக அவள் பின்பலகையில் உட்காருவாள். அன்றைக்கு நடுவுக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலை அந்த ஒட்டின்மேல் அழுத்தி வைத்துக்கொண்டாள். தண்ணீர் வந்தால் முதலில் அவள் காலுக்குத்தான் தெரியும். நீச்சல் தெரியாதவள். என்ன செய்கிறாய் என்று கேட்டேன்.

"நீ வலைய பாரு. நான் இத பாத்துக்கினு கீறேன்."

நன்றி என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் சொன்னதில்லை. அன்றைக்கும் எனக்குச் சொல்ல வரவில்லை. வலையை விட்டேன், எடுத்தேன், மறுபடி விட்டேன். எதிர்வீட்டு அண்ணன் பல் குச்சியோடு படகைச் சுற்றி வந்ததை நடித்துக் காட்டி அவளே சிரித்தாள், நானும் சிரித்தேன். மீன் கொஞ்சம்தான் கிடைத்தது. வலையிலிருந்து சொட்டிய தண்ணீரில் படகின் உள்ளே எல்லா இடமும் நனைந்துவிட்டது. கரைக்கு வந்து அவள் காலை எடுத்தபோது, ஒட்டின்மேல் அவள் பாதம் இருந்த இடம் மட்டும் காய்ந்திருந்தது.