மணல்மேட்டு ஊற்றை அளந்த கதை

1. வெறும் மணல்

நான் சர்வேயராக வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம் கோட்டுச்சேரிமேட்டுக்கு அனுப்பினார்கள். எழுபதுகளின் நடுப்பகுதி அது. பிரெஞ்சுக்காரர் காலத்துப் பிளான்களை வைத்துக்கொண்டு காரைக்கால் பகுதி முழுவதையும் மறுபடி அளந்துகொண்டிருந்தோம். நான் நெடுங்காட்டில் வயலும் வாய்க்காலுமாக வளர்ந்தவன். வரப்பு இருந்தால் எனக்கு எல்லை தெரியும். கடற்கரையில் வரப்புக்கு எங்கே போவது?

எங்கள் அதிகாரி பழைய பிளானை மேஜையில் விரித்தார். கடலோரமாக நீளமான ஒரு துண்டு. உள்ளே கோடு எதுவும் இல்லை. ஓரத்தில் பிரெஞ்சில் ஒரே ஒரு சொல்.

"என்ன சார் எழுதியிருக்கு?"

"சாப்ள்னு போட்டிருக்கான். மணல்னு அர்த்தம். வெறும் பொறம்போக்குய்யா. எல்லைக்கல்லு ரெண்டும் இருக்கான்னு பாத்து, செயின் போட்டு அளந்துட்டு வந்துடு. சவுக்கு நடணும்னு கேட்டிருக்காங்க. ஒரு நாள் வேலை."

என்னுடன் வந்த செயின்மேன் கபூர் பாய். என்னைவிட இருபது வயது மூத்தவர், காரைக்கால் டவுன்காரர். அளக்கும் சங்கிலியின் முன்முனையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போவது அவர் வேலை. பின்முனையைப் பிடித்து நேர்கோடு பார்ப்பது என் வேலை.

வடக்குக் கல்லிலிருந்து தெற்குக் கல்லை நோக்கிப் போனோம். நடுவில் ஒரு மணல்மேடு, அதன்மேல் ஆள் உயரத்துக்குத் தாழம்புதர். பாய் அதற்குள் நுழைந்தார். செயின் கொஞ்ச தூரம் ஓடியது, பிறகு தளர்ந்து மணலில் கிடந்தது.

"பாய்!"

பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். உள்ளேயிருந்து தணிந்த குரலில், "சார், கொஞ்சம் வாங்களேன்" என்றார்.

முள் கிழிக்கக் குனிந்து உள்ளே போனேன். புதருக்கு நடுவே மணல் ஒரு பெரிய சட்டிபோலக் குழிந்திருந்தது. அதன் அடியில் ஒரு சுடுமண் உறை. அதற்குள் தண்ணீர். அடியில் கிடந்த மணலை ஒவ்வொரு துகளாக எண்ணலாம்போல அவ்வளவு தெளிவு. புதரின் இடைவெளியில் கடல் அலை மடிந்து விழுவது தெரிந்தது. கல்லை வீசினால் போய் விழும் தூரம்தான்.

நாற்பது வயது இருக்கும் ஒரு பெண் இடுப்பளவு குழிக்குள் நின்று அலுமினியச் சட்டியால் மணலை வாரிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முதலில் சொன்னது, "செருப்பக் கழட்டிட்டு வாங்க."

பெயர் பூங்காவனம். மீனவர் வீட்டுப் பெண். கொட்டாங்கச்சியில் தண்ணீர் மொண்டு கொடுத்தார். உப்புக்கரிக்கும் என்று நினைத்துத்தான் வாயில் வைத்தேன். எங்கள் நெடுங்காட்டுக் கிணறுகளில்கூட அப்படி ஒரு தண்ணீர் நான் குடித்ததில்லை. இன்னொரு கொட்டாங்கச்சி கேட்டேன்.

"கடல் இங்கதானே இருக்கு, இது எப்படிங்க?"

"அது தெரியாதுங்க. சுத்தி நாலு எடத்துல தோண்டிப் பாத்தாச்சு. அங்கல்லாம் கரிக்குது. இந்த எடம் மட்டும் இப்படி."

குப்பத்துக் கிணறு ஒரே உவர்ப்பு. குடிக்கவும் உலை வைக்கவும் எல்லா வீட்டுக்கும் இந்த ஊத்துதான். ஆனால் கடல்காற்று நாள் முழுக்க மணலைக் கொண்டுவந்து கொட்டும். இரண்டு நாள் வாராமல் விட்டால் உறை மூடிவிடும். காலையில் பூங்காவனம் வாருவார். சாயந்திரம் அவருடைய ஓரகத்தி, கொழுந்தன் மனைவி அஞ்சலை.

"ரெண்டு பேரும் சேந்து வாருனா சீக்கிரம் முடியுமே?" என்று கேட்டேன்.

"அவகூட எனக்குப் பேச்சு கெடையாதுங்க."

"எத்தனை நாளா?"

"ஆறு வருசமாச்சு." ஏதோ கல்யாணப் பேச்சில் வந்த சண்டையாம். அந்த ஆறு வருடமும் அஞ்சலை சாயந்திரம் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார். காலையில் பூங்காவனம் அதை எடுத்து வேலையைத் தொடங்குவார். ஒரு நாள்கூட விட்டதில்லை.

2. குறி இல்லாத இடம்

ஆபீஸில் விஷயத்தைச் சொன்னேன். அதிகாரி கெட்டவர் இல்லை. விதியை விட்டு நகராதவர், அவ்வளவுதான்.

"கெணறுன்னா கெணத்துக்குக் குறி இருக்கு. கொளம்னா கொளத்துக்கு இருக்கு. மணல் ஊத்துக்கு எந்தக் குறிய்யா போடுவே?"

"உறை எறக்கியிருக்காங்க சார். கெணறுன்னே போடலாமே."

"நாளைக்கு மண்ணு மூடிட்டா? பிளான்ல கெணறு இருக்கு, தரையில இல்லன்னு என்னயல்ல கேப்பாங்க."

பிளானில் இல்லாவிட்டால் சவுக்கு நடுகிறவர்கள் அதன்மேல் நேராக வரிசை பிடித்துக்கொண்டு போவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அவர்கள் கையில் இருப்பது நான் போட்ட பிளான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கபூர் பாயும் நானும் சைக்கிளில் போனோம். யாரும் அனுப்பவில்லை. இரண்டு கல்லுக்கும் நடுவே மறுபடி செயின் போட்டோம். வடக்குக் கல்லிலிருந்து 64.2 மீட்டர். அங்கிருந்து கோட்டுக்குச் செங்கோணத்தில் கடல்பக்கம் ஆஃப்செட், அதாவது பக்கவாட்டு அளவு, 11.6 மீட்டர். அதுதான் உறையின் நடு. இரண்டு முறை அளந்து ஃபீல்டு புக்கில் பென்சிலால் எழுதினேன்.

திங்கட்கிழமை புத்தகத்தைக் காட்டியபோது அதிகாரி படித்தார். கிழிக்கவும் இல்லை, கையெழுத்துப் போடவும் இல்லை. "மழைக்கப்புறம் நேர்ல வந்து பாக்குறேன்" என்றார்.

3. புயலுக்குப் பிறகு

மழையோடு புயலும் வந்தது. கோட்டுச்சேரிமேட்டு மக்களை முந்தின நாளே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டதால் உயிர் தப்பியது. வீடுகள் தப்பவில்லை. நான்காம் நாள் பாதை திறந்ததும், எல்லைக்கல் எதெது நிற்கிறது என்று பார்க்க ஜீப்பில் போனோம். அதிகாரியும் வந்தார்.

எனக்கு இடமே அடையாளம் தெரியவில்லை. மணல்மேட்டைக் காணோம். தாழம்புதர் வேரோடு போயிருந்தது. மேடாக இருந்த இடம் பலகைபோலத் தட்டையாகவும், தட்டையாக இருந்த இடம் மேடாகவும் கிடந்தது. பெண்கள் பத்துப் பதினைந்து பேர் அங்கங்கே தோண்டிக்கொண்டிருந்தார்கள். எந்தக் குழியில் ஊறிய தண்ணீரும் உப்பு. குப்பத்துக் கிணற்றிலும் கடல் புகுந்துவிட்டது. லாரியில் வரும் தண்ணீர் குழந்தைகளுக்கே போதவில்லை.

பூங்காவனம் மணலில் உட்கார்ந்திருந்தார்.

"கண்ணக் கட்டிவுட்டாகூட வந்துருவேன் சார். தெனம் வந்த எடம். இப்பத் தெரியலயே."

நான் வாயைத் திறப்பதற்குள் அதிகாரி என் பக்கம் திரும்பினார். "ஏய்யா, அந்த ஆஃப்செட்டு எழுதுன புக்கு வச்சிருக்கியா?"

வடக்குக் கல் சாய்ந்திருந்தது, ஆனால் அடி நகரவில்லை. தெற்குக் கல் மணலுக்குள் போய்விட்டது. கபூர் பாய் கடப்பாரையை இறக்கி இறக்கிப் பார்த்தார். வெகுநேரம் கழித்து டங்கென்று சத்தம் வந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டுக் கையால் மணலைத் தள்ளினார். கல்தான்.

செயின் பிடித்தோம். 64.2. அங்கிருந்து 11.6. குச்சியை நட்டேன்.

தோண்டினார்கள். இடுப்பளவு போயிற்று, மார்பளவு போயிற்று. மணல்தான் வந்தது. பக்கங்கள் சரிந்து சரிந்து மூடின. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் புத்தகத்தைப் பார்த்தேன்.

கூட்டத்திலிருந்து தள்ளி நின்ற ஒரு பெண் குழிக்குள் குதித்தார். அஞ்சலை என்று குப்பத்து ஆள் ஒருவர் என் காதில் சொன்னார். அந்தப் பெண் மண்வெட்டியை வாங்கவில்லை. மண்டியிட்டுத் தெற்குப் பக்கமாக வெறுங்கையால் துழாவினார். திடீரென்று நிமிர்ந்து கத்தினார்.

"அக்கா! ஒற தட்டுது!"

பூங்காவனம் ஓடிவந்து பக்கத்தில் குதித்தார். நான் குச்சி நட்ட இடத்துக்கும் உறை விளிம்புக்கும் ஒரு சாண்தான் வித்தியாசம்.

உள்ளே அடைத்திருந்த மணலை வாரியதும் தண்ணீர் ஊறியது. பூங்காவனம் ஒரு கை அள்ளி வாயில் வைத்தார். துப்பினார். உப்பு.

அதிகாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பூங்காவனம் வாயைத் துடைத்துக்கொண்டு, "இது மேல ஏறி வந்த கடத்தண்ணிங்க. எறைக்க எறைக்கப் போயிரும்" என்று சட்டியை எடுத்தார்.

மூன்று நாள் இறைத்தார்கள். பெண்கள் முறை வைத்து மாறினார்கள். ஓரகத்திகள் இருவர் மட்டும் சாப்பிடப் போகும் நேரம் தவிர மாறவே இல்லை. ஒருவர் மொண்டு கொடுக்க மற்றவர் வாங்கி ஊற்றினார். அந்த ஒரு "அக்கா"வுக்குப் பிறகு இருவரும் ஒரு சொல் பேசவில்லை என்று குப்பத்தில் சொன்னார்கள். நான்காம் நாள் காலை நாங்கள் போனபோது பூங்காவனம் கொட்டாங்கச்சியை நீட்டினார். குடித்தேன். துளிக்கூட உப்பு இல்லை. கடல் ஏறி மிதித்துவிட்டுப் போன மண்ணுக்கு அடியில் அந்தத் தண்ணீர் அப்படியே காத்திருந்திருக்கிறது. கபூர் பாய் குடித்துவிட்டு வானத்தைப் பார்த்து நின்றார்.

அதிகாரி இரண்டு கொட்டாங்கச்சி குடித்தார். பிறகு ஜீப்பின் பானெட்டில் ஃபீல்டு புக்கை வைத்து, "கெணறுன்னே குறி போட்டுக்க" என்றார். போட்டேன். குறிப்பு எழுதும் பத்தியில், "பராமரிப்பு: பூங்காவனம், அஞ்சலை" என்று எழுதினேன்.

"இதுல ஆள் பேரெல்லாம் எழுதுற வழக்கம் இல்லியேய்யா."

நான் புத்தகத்தை அவர் பக்கம் தள்ளினேன். அவர் அந்த வரியைப் பார்த்தார். குழிப்பக்கம் ஒரு தடவை பார்த்தார். பேனாவைத் திறந்து அதன் கீழே கையெழுத்துப் போட்டார். அடுத்த வருடம் சவுக்கு நட்டவர்கள் ஊற்றைச் சுற்றி இடம் விட்டு நட்டார்கள்.

அதன்பிறகு எண்பதுகள் முழுக்க இந்தப் பகுதியில் எத்தனையோ துண்டுகள் அளந்தேன். பிளானில் வெறுமையாக இருக்கும் துண்டு என்றால் நானும் பாயும் உடனே செயினைப் பிரிக்க மாட்டோம். பக்கத்து வீடுகளில் போய், "இங்க தெனம் யாரு வர்றாங்க?" என்று கேட்போம். புதிதாக வேலைக்கு வரும் சர்வேயர்களுக்கு நான் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். கேளுங்கள். யாரும் வராத இடம் என்று ஒன்றை என் வேலைக்காலத்தில் நான் அளந்ததே இல்லை.